ஒரு மா நிலமும் 22 இலக்கச் சுழலும்

நூறு குழி ஒரு மா. குழி என்பது 12 அடிக்கு 12 அடி. ஒரு மாவை ஏக்கராக்க 14,400-ஐ 43,560-ஆல் வகுத்தேன். கால்குலேட்டரில் 0.3305785124 வந்தது. எதுவும் திரும்ப வரவில்லையே, இது விகிதமுறா எண்ணா? (பாபநாசம்)

இரண்டு முழு எண்களை வகுத்துத்தானே கொண்டுவந்தீர்கள்? அப்போதே அது விகிதமுறு எண்; அப்படிப் பின்னமாக எழுதவே முடியாததுதான் விகிதமுறா எண். திரையில் இடம் போதவில்லை, அவ்வளவுதான். கடைசியில் உள்ள 4-கூட முழுதாக்கியதால் வந்தது.

பின்னத்தைச் சுருக்கினால் 40/121. தாளில் வகுத்துப் பாருங்கள்: 0.3305785123966942148760, அதன்பின் மறுபடியும் 33057… சுழலின் நீளம் 22 இலக்கங்கள். 121-ஆல் வகுத்தால் மீதி 0 முதல் 120 வரைதான் இருக்க முடியும். 0 வந்தால் கணக்கு முடிந்தது. வராவிட்டால், 120 படிகளுக்குள் பழைய மீதி ஒன்று தலைகாட்டியே தீரும். அங்கிருந்து இலக்கங்களும் பழைய வரிசையிலேயே வரும், முறை வைத்துத் தண்ணீர் விடும்போது முதல் வாய்க்காலுக்கே முறை திரும்புவதைப் போல.

இன்னொன்று: மூன்று மா ஓர் ஏக்கர் என்பது வாய்க்கணக்கு. உண்மையில் இரண்டரைக் குழி குறையும். பத்திரம் எழுதும்போது கவனம்!

வகுக்காமலே, தசமம் முடியுமா என்று சொல்ல முடியுமா? (திருவையாறு)

முடியும். பின்னத்தை முதலில் சுருக்குங்கள். பகுதியின் (கீழே உள்ள எண்ணின்) பகாக்காரணிகள் 2, 5 மட்டும் என்றால் தசமம் முடியும். நம் பழைய பின்னங்களான மா (நில அளவு அல்ல, 1/20), காணி (1/80), முந்திரி (1/320) எல்லாமே முடிபவை. முந்திரி 0.003125.

0.101001000100001… இதில் ஒழுங்கு தெரிகிறதே, விகிதமுறு எண்தானே? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி)

நல்ல கேள்வி; ஆசிரியர்களே தடுமாறும் இடம். ஒழுங்கு வேறு, சுழல் வேறு. சுழலுக்கு ஒரே தொகுப்பு மாறாமல் திரும்ப வேண்டும். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பூஜ்யம் கூடுகிறது. எவ்வளவு நீளத் தொகுப்பை நீ எடுத்தாலும், அதைவிட நீளமான பூஜ்ய வரிசை பின்னால் வரும். அதற்கும் பின்னால் ஒரு 1 நிற்கும். எனவே விகிதமுறா எண்.

π என்பது 22/7 என்று படித்தோம். பின்னமாக இருந்தும் விகிதமுறா எண் என்கிறார்களே? (கும்பகோணம்)

22/7 தோராயம் மட்டுமே. அது 3.142857142857…; π 3.14159… மூன்றாம் தசம இடத்திலேயே வழி பிரிகிறது. எத்தனை கோடி இலக்கம் எண்ணினாலும் சுழல் இல்லை என்று நிரூபணமாகாது. π விகிதமுறா எண் என்று கணிதவியலாளர் லாம்பர்ட் 1761-இல் நிறுவியது வேறு வழியில், இலக்கங்களை எண்ணி அல்ல.

உங்கள் ஊர் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், 1913-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் 355/113-ஐக் கொண்டு, வட்டத்துக்கு ஏறக்குறையச் சமமான சதுரம் வரையும் வழி காட்டினார். ஆறு தசம இடம் வரை அது π-யோடு ஒத்துப்போகும். ஆனாலும் பின்னம் பின்னம்தான்: அதன் சுழல் 112 இலக்கங்கள். பொறுமையுள்ளவர்கள் ஒரு மழைநாளில் வகுத்துப் பார்க்கலாம்.