கல்லூரிக் கணிதப் பாடங்களை ஆன்லைனில் எடுக்கலாமா, வகுப்பிலேயே படிப்பது நல்லதா?

பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். அடுத்த செமஸ்டரில் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ், ரியல் அனாலிசிஸ் இரண்டையும் ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெல்லில் முடித்து, கிரெடிட்டை (பாடத்துக்கான மதிப்புப் புள்ளியை) கல்லூரிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாடத்தைத் தைரியமாக எடுங்கள். ரியல் அனாலிசிஸை, நீங்கள் எழுதும் நிரூபணங்களைப் படித்துத் திருத்த ஒரு ஆள் கிடைத்தால் மட்டும் எடுங்கள். ஆள் இல்லையென்றால் வகுப்பிலேயே படியுங்கள்.

காரணம் நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் உங்களுக்கும் வீட்டில் ஏதோ நெருக்கடி இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு இருந்தது. நாங்கள் ஆத்தங்குடிப் பக்கம். அப்பா பூக்கல் பட்டறையில் வேலை பார்த்தவர். கண்ணாடிச் சட்டத்தில் வர்ணத்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கிக் கல் எடுப்பார்களே, அந்த வேலை. நான் காரைக்குடியில் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தபோது கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்துவிட்டார். அம்மா பகலில் வேலைக்குப் போயாக வேண்டும். ரியல் அனாலிசிஸ் எங்களுக்குக் கடைசி இரண்டு பீரியட். அதை ஆன்லைனுக்கு மாற்றினால் மதிய பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். துறைத் தலைவர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021-ல் கொண்டுவந்த விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்கலாம். என்பிடெல் பாடங்களும் இருக்கும் மத்திய அரசின் ஆன்லைன் தளம்தான் ஸ்வயம். ஆகவே யாரும் எனக்குச் சலுகை காட்டவில்லை, இருந்த வழியைக் கேட்டு வாங்கினேன்.

பாடம் நன்றாகவே இருந்தது. நிறுத்தி, பின்னால் தள்ளி, புரியும்வரை கேட்கலாம். வகுப்பில் கையைத் தூக்கத் தயங்கும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். எம்ஐடி இலவசமாக வைத்திருக்கும் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் லீனியர் அல்ஜிப்ரா வகுப்புகளையும் அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனிலேயேதான் பார்த்தேன். 2023-ல் ஓய்வு பெற்றாரே, அந்தப் பேராசிரியர்தான்.

ஆனால் மதிப்பெண் எப்படி வருகிறது என்று பாருங்கள். வாராவாரம் அசைன்மென்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், இல்லையென்றால் ஒரு எண்ணை நிரப்புவது. டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனுக்கு இது போதும், விடை சரியாக வந்தால் வழியும் அநேகமாகச் சரியாக இருக்கும். ரியல் அனாலிசிஸ் அப்படி இல்லை. 'எக்ஸ் ஸ்கொயர் மெய்யெண் கோடு முழுவதும் யூனிஃபார்ம்லி கன்டின்யுவஸா?' என்று கேட்டால் 'இல்லை' என்று தட்டி மார்க் வாங்கிவிடலாம். ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்குள் எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் வர்க்கங்களும் நெருங்கியே நிற்குமா என்பதுதான் கேள்வி. ஏன் இல்லை என்று எழுதச் சொன்னால்தான் தெரியும். 100-ஐயும் 100.01-ஐயும் எடுங்கள். இடைவெளி 0.01. வர்க்கங்களின் இடைவெளி 2.0001. 1000-ஐயும் 1000.001-ஐயும் எடுத்தால் இடைவெளி இன்னும் சின்னது, வர்க்கங்கள் அப்போதும் 2-க்கு மேல் விலகி நிற்கும். அந்த இடைவெளியின் எல்லையைத்தான் டெல்டா என்பார்கள். டெல்டாவை எவ்வளவு சிறிதாக வைத்தாலும் அதற்குள் இப்படி ஒரு ஜோடி கிடைக்கும். இதை எல்லா டெல்டாவுக்கும் பொருந்தும்படி, எதை முதலில் எடுத்தோம், எது எதைச் சார்ந்தது என்ற வரிசை பிசகாமல் நான்கு வரியில் எழுதுவதுதான் அந்தப் பாடம். அந்த நான்கு வரியைத் திரை திருத்தாது.

எனக்குத் திருத்தியவர் பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சாயங்காலம் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பார். "ஆத்தா, இந்த டெல்டா எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டுப் பேனாவை வைத்துவிடுவார். நான் பதில் சொல்லும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டார். எம்.எஸ்சி.யில் என்னைக் கரை சேர்த்தது அந்தத் திண்ணைதான். காசு வாங்கவே இல்லை.

யாரும் திருத்தாமல் தானாகவே படித்து முன்னேறியவர்கள் இல்லையா என்று சிலர் சொல்வீர்கள். உண்டு, அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. கல்லூரிக்குப் போனால் மட்டும் யாராவது திருத்துகிறார்களா என்றும் கேட்பீர்கள். கௌரவ விரிவுரையாளர் ஒருவர் தலையில் எல்லா வகுப்பையும் கட்டிவிடும் இடங்களில் அதுவும் நடக்காது, தெரியும். அப்படிப்பட்ட கல்லூரி என்றால் உங்களுக்கு இரண்டு வழியும் ஒன்றுதான். எப்படியும் ஆளைத் தேடித்தான் ஆக வேண்டும்.

ஆன்லைன் சான்றிதழுக்கு மதிப்பு இருக்குமா என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். மதுரை வரை போய், மையத்தில் அடையாள அட்டை காட்டி, மேற்பார்வையில் மூன்று மணி நேரம் எழுதி வாங்கியது என்னுடையது. ஒரு தனியார் பள்ளி நேர்முகத்தில் அதைப் பார்த்துவிட்டு, "யூடியூபில் படித்ததா?" என்றார்கள். போர்டில் ஒரு நிரூபணம் எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். அதைக் கேட்கவில்லை. அதே பள்ளி வேலையைக் கொடுத்தபோது ஒரிஜினல் சான்றிதழ்களை எல்லாம் வாங்கி பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டது. நடுவில் வேலையை விட்டுப் போய்விடக் கூடாதாம். மதிப்பில்லாத படிப்பு என்றால் அந்தத் தாளை எதற்குப் பூட்ட வேண்டும்? ஆசிரியர்களின் சொந்தச் சான்றிதழைப் பிணையாகப் பிடித்து வைப்பதை இந்தப் பக்கத்தில் யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாடத்தில் சேர்வது இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். பணம் கட்டுவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் பாடத்தின் பெயர், வாரங்கள், கிரெடிட் எல்லாம் போட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். உங்கள் சிலபஸோடு பாதிதான் ஒத்துப்போகிறது என்றால் கிரெடிட் தர மறுப்பார்கள், செமஸ்டர் நடுவில் அது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், ரியல் அனாலிசிஸ் தொடங்கும் வாரத்திலேயே ஒரு நிரூபணத்தை எழுதி யாரிடமாவது காட்டுங்கள். படிக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் வகுப்புக்கு மாறிக்கொள்ள அப்போது இன்னும் நேரம் இருக்கும்.