வீதியில் ஒழுகும் குழாய்: அறிவிப்பது யார், திருத்துவது யார்?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்கள் கேற்றுக்கு வெளியே, நடைபாதை ஓரமாக, இரண்டு வாரமாகத் தண்ணீர் ஊறி ஓடுகிறது. அயலவர்களில் யாரேனும் அறிவித்திருப்பார்கள் என்று எல்லோரும் இருந்துவிட்டோம். இதற்கிடையில் இம்மாதத் தண்ணீர்ப் பட்டியல் வழமையைப் போல் இரண்டு மடங்காக வந்திருக்கிறது. வீதியில் ஓடும் தண்ணீருக்கும் நாங்கள்தான் பணம் கட்டுகிறோமா? திருத்த வேண்டியவர் யார்?

பதில்: உங்கள் வீட்டு நீர்மானிதான் எல்லைக்கோடு. பிரதான குழாயிலிருந்து நீர்மானி வரையுள்ள பகுதியில் ஏற்படும் கசிவைத் திருத்துவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. நீர்மானியைத் தாண்டிய பின் வீட்டுக்குள் வரும் குழாய்களும் தொட்டியும் பாவனையாளரின் பொறுப்பு. ஆகவே நடைபாதையில் ஓடும் தண்ணீர் உங்கள் நீர்மானியைக் கடக்கவில்லையென்றால், அதற்காக உங்களிடம் ஒரு சதமும் அறவிடப்பட்டிருக்க முடியாது. பட்டியல் கூடியதற்கான காரணத்தை வேறாகத் தேட வேண்டும்.

முதலில் வீதிக் கசிவைப் பார்ப்போம். இன்றே நீர் வழங்கல் சபையின் 1939 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். வீட்டு இலக்கம், அருகிலுள்ள சந்தி, தண்ணீர் தெளிவாக வருகிறதா கலங்கி வருகிறதா, நிலம் தாழ்ந்திருக்கிறதா என்பனவற்றைச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். ஓடும் நீர் நாற்றமடித்தால் அது கழிவுநீராக இருக்கலாம். கொழும்பு நகரில் அதை மாநகர சபைக்கே அறிவிக்க வேண்டும். அண்மையில் யாரேனும் அவ்விடத்தைத் தோண்டியிருந்தால் அதையும் குறிப்பிட்டு, ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. ஒரே கசிவைப் பத்துப் பேர் அறிவிப்பதால் எவருக்கும் நட்டமில்லை. பத்துப் பேரும் மற்றவர் அறிவித்திருப்பார் என்று இருந்துவிடுவதால்தான் இரண்டு வாரம் வீணாகிறது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன், குழாய்களைப் புதுப்பிக்கும் பெருந்திட்டம் தொடங்கியபோது, கொழும்பு நகருக்கு அனுப்பப்பட்ட நீரில் கிட்டத்தட்டப் பாதி கசிவாகவும் கணக்கில் வராத பாவனையாகவும் போய்க்கொண்டிருந்தது என்பதை நினைத்தால், ஒரு தொலைபேசி அழைப்பின் பெறுமதி விளங்கும். நீர் விநியோகம் நிறுத்தப்பட்டு அமுக்கம் குறையும் வேளையில், வெடிப்பின் வழியே மண்ணிலுள்ள அழுக்குநீர் குழாய்க்குள் இழுபடக்கூடும் என்பதும் கவலைக்குரியது. ஆனாலும் நீங்களாகத் தோண்டித் திருத்த முனைய வேண்டாம். நீர் வழங்கல் சபையின் குழாயிலும் நீர்மானி முத்திரையிலும் கைவைப்பது குற்றமாகும்.

இனிப் பட்டியல். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொட்டி நிரம்பியிருப்பதை உறுதிசெய்துகொண்டு நீர்மானியைப் பாருங்கள். அதன் சிறு சக்கரம் சுற்றினால் உங்கள் பக்கத்தில் கசிவு இருக்கிறது. இரவு படுக்குமுன் ஒருமுறையும் விடிந்ததும் எவரும் குழாயைத் திறக்குமுன் ஒருமுறையும் வாசிப்பைக் குறித்து ஒப்பிட்டால் ஐயமே இராது. பெரும்பாலும் குற்றவாளி மலசலகூடத் தொட்டியாகவே இருக்கும்: அதில் சிறிது உணவுச் சாயத்தைக் கரைத்துவிட்டு, தண்ணீர் இழுக்காமல் கால்மணி நேரம் காத்திருங்கள்; நிறம் கோப்பைக்குள் இறங்கினால் தொட்டியின் அடைப்பான் பழுதடைந்துவிட்டது. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஒழுகினாலே நாளொன்றுக்கு 1,440 லீற்றர், 30 நாட்களில் 43 அலகுகள் (ஓர் அலகு 1,000 லீற்றர்) போய்விடும். பாவனை கூடக்கூட அலகொன்றின் விலையும் ஏறுவதால், கசிந்த நீர் உங்கள் பட்டியலில் மிக விலையுயர்ந்த நீராக அமைகிறது.

சக்கரம் அசையாமலே பட்டியல் கூடியிருந்தால், வாசிப்புப் பிழையாக இருக்கலாம். பட்டியலில் உள்ள வாசிப்பை நீர்மானியுடன் ஒப்பிட்டு, நீர்மானியைப் படமெடுத்து, உங்கள் பகுதிப் பணிமனையில் எழுத்துமூலம் முறையிடுங்கள்.

வாடகைக்காரரின் நிலை சற்றுச் சிக்கலானது. கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், சபைக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் அவர்; பட்டியலைக் கட்டுபவர் நீங்கள். தேய்ந்த வாஷரை மாற்றுவது குடியிருப்பவருக்குப் பெரிய செலவல்ல. சுவருக்குள்ளோ நிலத்தடியிலோ குழாய் வெடித்திருந்தால் அது கட்டடத்தின் பழுது; வீட்டுக்காரரே திருத்துவதுதான் நியாயம் என்பது என் கருத்து. உடன்படிக்கையில் இது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, கசிவைக் கண்ட நாளிலேயே அவருக்குக் குறுஞ்செய்தியாவது அனுப்பிவையுங்கள். பின்னர் கூடுதல் கட்டணத்தை யார் ஏற்பது என்ற பேச்சு எழும்போது அந்தத் திகதி உதவும்.

கேள்வி: நாங்கள் கண்டி நகரில் இருக்கிறோம். எங்களுக்கும் இதே இலக்கம்தானா?

பதில்: கண்டி நகருக்குள் மாநகர சபையே நீர் வழங்குகிறது, அங்கே கசிவை மாநகர சபையின் நீர் வழங்கல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். நகர எல்லைக்கு வெளியேயுள்ள அயற்பகுதிகள் பலவற்றில் நீர் வழங்கல் சபை பொறுப்பாக இருப்பதால், பட்டியலின் தலைப்பில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேயே அழையுங்கள்.