சோத்த நிறுத்தினா தொப்பை குறையுமா? கருங்கல் வாசகருக்கு பதில்

கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் ஊருக்கு பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. வயசு 43, உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ, இடுப்பு 104 செ.மீ. கல்ஃப்ல வேல பாத்தப்போ 72 கிலோதான் இருந்தாராம், ஊருக்கு வந்து மார்த்தாண்டத்துல ஹார்டுவேர் கடை போட்ட பிறகு இப்படி ஏறிட்டாம். "காலைல ஒண்ணும் திங்கமாட்டேன், மதியம் ஒரு தட்டு சோறு, ராத்திரி கடை பூட்டிட்டு மூணு பரோட்டா, அவ்வளவுதான். சோத்தையும் மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) அடியோட நிறுத்திரட்டா? கூட்டுக்காரன் ஒருத்தன் கொடம்புளி காப்சூல் வாங்கித் தாறேன்னு சொல்லுகான், எடுக்கலாமா?" அப்புறம் கடைசில போற போக்குல, சாயா ஒரு ஆறு வாட்டி, சாயங்காலம் பழம்பொரி, படுக்க ஒரு மணி ஆவும், ஆறு மணிக்கு எந்திரிக்கணும்னு எழுதியிருக்காரு.

காப்சூல் வேண்டாம் அண்ணே, அத முதல்லயே சொல்லிடுறேன். மீன்கறில கிடக்குற கொடம்புளி வேற, அதோட சாரத்த கெட்டியா எடுத்து அடைச்சு விக்கிறது வேற. அந்த மாதிரி சப்ளிமெண்ட் எடுத்து கல்லீரல் கெட்டவங்கள பத்தி டாக்டர்கள் பல நாட்டுல எழுதியிருக்காங்க, எடையாவது நல்லா குறையுதான்னா அதுவும் இல்ல.

உங்க பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்குற கணக்கு, போட்டா 30.5 வருது. இந்தியர்களுக்கு 23ல இருந்தே அதிக எடை, 25 தாண்டினா உடல் பருமன்னுதான் டாக்டர்கள் பாக்காங்க, அப்போ 72 கிலோலயே நீங்க கோட்ட தொட்டுட்டீங்க. அதவிட எனக்கு கவலையா இருக்கது அந்த 104. ஆம்பளைக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள்ளயும் பொம்பளைக்கு 80க்குள்ளயும் இருக்கணும், வயித்துக்குள்ள குடல சுத்தி சேருற கொழுப்புதான் சுகர், பிபி, ஃபேட்டி லிவர் எல்லாத்துக்கும் வழி விடுது.

இப்போ சோறு. நீங்க சோத்து மேல பழி போடுறீங்க, ஆனா நான் பாக்குறது அந்த கடைசி வரிதான். ஆறு சாயா, ஒண்ணுக்கு ரெண்டு ஸ்பூன் சீனின்னு வச்சா ஒரு நாளைக்கு 60 கிராம் சீனி, 240 கலோரி, அதுவும் பால் கணக்கு சேக்காம. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள்ள நிறுத்துனா நல்லதுன்னு சொல்லுது. பழம்பொரில பழம், சீனி, மைதா, மேல குடிச்ச எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயே 120 கலோரி. ராத்திரி பரோட்டா ஒண்ணு சைஸ பொறுத்து 250, 300 வரும், மூணுன்னா கிட்டத்தட்ட 900, அதுல சால்னாவும் பீஃப் பொரிச்சதும் சேரல. காலைல வயித்த காயப்போட்டு ராத்திரி கடை பூட்டின பிறகு மொத்தமா இறக்கிட்டு படுத்தா உடம்பு அத எங்க செலவு பண்ணும்?

மரச்சீனிய நிறுத்த வேண்டாம், அளவா திங்கணும். வேகவச்சது 100 கிராம்ல சுமார் 150 கலோரி இருக்கு, புரதம் ஒண்ணு ரெண்டு கிராம்தான், அதனால தட்டுல கிழங்க பாதியாக்கி சாளையோ நெத்திலியோ கறி வச்சு கூட எடுங்க, வயிறும் நிறையும். காலைல புட்டும் பயறும் ஒரு கை சாப்பிட்டுட்டு கடைக்கு போங்க. ராத்திரி சாப்பாட்ட வீட்ல இருந்து டிபன் பாக்ஸ்ல கொண்டுவந்து எட்டு மணிக்கு கடையிலயே முடிச்சிருங்க, பரோட்டா வாரத்துல ஒரு நாள் போதும். நீங்க எழுதல, ஆனா குடிக்கிற பழக்கம் இருந்தா அதையும் சேக்கணும், 60 மில்லி பிராந்தில 140 கலோரி கிட்ட இருக்கு.

தூக்கத்த யாரும் கணக்குல எடுக்கிறதில்ல, எனக்கு அதுதான் ஆதங்கம். அஞ்சு மணி நேரம் தூங்கினா பசிய தூண்டுற கிரெலின் ஏறும், போதும்னு சொல்லுற லெப்டின் இறங்கும், மறுநாள் கை தானா எண்ணெய்க்கடிக்கு போவும். 2022ல சிகாகோவுல செஞ்ச ஒரு ஆய்வுல, ஆறரை மணி நேரத்துக்கு குறைவா தூங்குற, எடை கூடின ஆளுங்கள ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல கூடுதலா தூங்க வச்சாங்க, டயட் ஒண்ணும் சொல்லாமலே அவங்க தினம் சராசரியா 270 கலோரி குறைச்சு சாப்பிட்டாங்க. செல்போன வேற ரூம்ல வச்சிட்டு பதினொண்ணுக்கு படுங்க.

அப்புறம் கடையில உக்காந்தே இருக்குறது. கல்ஃப்ல நாள் முழுக்க நின்னு நடந்திருப்பீங்க, இங்க கல்லாவுல இருந்துட்டு கடைப்பையன ஏவுவீங்க. பைப்பையும் பெயிண்ட் டப்பாவையும் நீங்களே எந்திரிச்சு எடுத்து குடுங்க, சாப்பிட்டதும் பத்து நிமிசம் நடங்க. வாரத்துக்கு 150 நிமிசம் வேகமான நடை வேணும், மார்த்தாண்டம் ரோட்டுல நடக்க பாடு, அதனால விடிகாலைல வீட்டுப்பக்கம் பள்ளிக்கூட கிரவுண்டுல முடிச்சிருங்க.

முதல் இலக்கு நாலு கிலோ, மூணு நாலு மாசத்துல. உடம்பு எடைல 5 சதவீதம் குறைஞ்சாலே சுகரும் பிபியும் இறங்க ஆரம்பிக்கும். அதுக்கு முன்னால தைராய்டு, ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர்), கொழுப்பு, பிபி பாத்திருங்க, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போலாம். ஸ்டீராய்டோ மனநல மாத்திரையோ எடுத்தா டாக்டர்ட்ட சொல்லுங்க, சிலது எடை ஏத்தும், ஆனா நீங்களா நிறுத்திராதீங்க. வீட்ல கேளுங்க, நீங்க பலமா குறட்டை விட்டு இடையில மூச்சு நிக்குற மாதிரி இருக்கான்னு. ஆமான்னு சொன்னா இந்த வாரமே டாக்டர பாத்திருங்க.