கார்பன் டை ஆக்சைடிலிருந்து எத்திலீன் தந்த மின்னாற்பகுப்புக் கலம், சில மணி நேரத்தில் ஹைட்ரஜன் மட்டும் தருவது ஏன்?

பெரும்பாலும் செப்பு வினையூக்கி கெட்டிருக்காது; எதிர்மின்வாயின் துளைகள்தான் அடைத்திருக்கும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.033 மோல்தான் கரையும். அதனால்தான் வாயுவை, எதிர்மின்வாயாக இருக்கும் செம்பு பூசிய நுண்துளைக் கார்பன் தாளின் பின்புறமிருந்து செலுத்துகிறோம். வினையில் உண்டாகும் ஹைட்ராக்சைடு அந்த வாயுவையே பிடித்துக் கார்பனேட் ஆக்கிவிடும். நேர்மின்வாய்ப் பக்கக் கரைசலிலிருந்து, இரு மின்வாய்களையும் பிரிக்கும் சவ்வைத் தாண்டி வரும் பொட்டாசியத்துடன் சேர்ந்து அது துளைக்குள் உப்பாகப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், தாள் நனையும், வாயு செம்பை எட்டாது. மிஞ்சுவது நீர்தான், அது ஹைட்ரஜனாகும்.

நேர்மின்வாய்ப் பக்கம் 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஓடுகிறதென்றால் 0.1 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட்டுக்கு மாறுங்கள்; சவ்வைத் தாண்டும் பொட்டாசியம் குறையும். வாயுவை ஈரப்படுத்தி அனுப்புங்கள். அவ்வப்போது மின்சாரத்தை நிறுத்தி வாயு அறையைத் தூய நீரால் கழுவலாம். தாளின் நீர்விலக்கும் தன்மையே போய்விட்டால் கழுவிப் பயனில்லை, புதிதுதான் போட வேண்டும். கரைசலில் இரும்பு மாசு இருந்தாலும் இதே அறிகுறிதான்: அது செம்பின்மேல் படிந்து ஹைட்ரஜனைக் கூட்டும்.