வேலைச் சுமையை இறக்கிவைக்க மாலையில் என்ன செபம் சொல்லலாம்?

வவுனியாவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறீர்கள், வீட்டுக்கு வந்த பிறகும் கடை தலைக்குள்ளேயே நிற்கிறது, படுத்தால் நித்திரை இல்லை, கத்தோலிக்கர் அல்ல, சபைக்குப் போகிறவர், மாலையில் சொல்ல ஒரு செபம் வேண்டும். உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படித்தான்.

எனக்குக் குழுக்கடன் வசூலிக்கிற வேலை. கிளிநொச்சியில் இருந்து பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் போய், தர்மபுரம், விசுவமடுப் பக்கம் வீடு வீடாகத் தவணை எடுக்க வேண்டும். கட்ட ஏலாமல் நிற்கிற அக்காமாரின் முகமும், ஏன் வரவில்லை என்று கந்தோரில் கேட்கிற கேள்வியும் பின்னேரம் என்னோடேயே வீட்டுக்கு வரும். ஆகவே இது சுவாமிமார் சொல்லுகிற பதில் இல்லை. வெயிலுக்குள் மோட்டார் சைக்கிள் ஓடிக் களைத்து வருகிற ஒருவனின் பதில்.

ஆயத்தமான செபங்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் பக்கத்தில் 6 மணிக்குக் கோயில் மணி அடித்தால் மாதாவை நினைத்துச் சொல்லுகிற திரிகால செபம், பிறகு வீட்டில் செபமாலை. இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்திலும் அம்மா அதை விட்டதில்லை. திருச்சபையின் இரவுச் செபத்தில் 4ஆம், 91ஆம், 134ஆம் திருப்பாடல்களும் (நீங்கள் சங்கீதம் என்பது), லூக்கா 2ஆம் அதிகாரத்தில் கிழவர் சிமியோன் சொல்லும் வார்த்தைகளும் வரும். எல்லாம் நல்லவைதான். ஆனால் மனம் இன்னும் வேலையில் நிற்கும்போது தொடங்கினால், வாய் அருள்நிறைந்த மரியே சொல்லும், கண்ணுக்குள் கலெக்ஷன் ஷீட் ஓடும். முதலில் அந்த நாளை ஆண்டவரிடம் கதைத்து முடிக்க வேணும் என்பது என் எண்ணம்.

இதற்கு, இயேசு சபைத் துறவிகளின் சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழி சொல்லிவைத்திருக்கிறார், அன்றைய நாளை ஆண்டவர் முன் திரும்பிப் பார்க்கிற ஆத்தும சோதனை. அந்தப் பெயரைக் கேட்டதும் பாவக் கணக்கு என்று பயப்படுகிறவர்கள் அதன் முதற்படியைக் கவனிப்பதில்லை. முதற்படி நன்றி. வெளிச்சம் கேட்பது, அன்றைய நாளை மணித்தியாலம் மணித்தியாலமாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

திரும்பிப் பார்க்கிற இடத்தில் நான் கொஞ்சம் கூட நேரம் நிற்பேன். ஆரோடாவது கோபம் என்றால் எபேசியர் 4:26 இருக்கிறது, பொழுது சாய முன் அது தணிய வேணும். நாளையைப் பற்றிய பயம் என்றால் மத்தேயு 6:34. இவை இரண்டும் ஓரளவு லேசு. கடினமானது, மற்றவர்களின் கஷ்டத்தைப் பார்த்துவிட்டு வருவது. வட்டியைத் தீர்மானித்தது நான் இல்லை, அந்த அக்காவின் வயல் தண்ணீரில்லாமல் காய்ந்ததும் என்னால் இல்லை. ஆனால் அடுத்த முறை அவவின் படலையடியில் எந்தக் குரலில் கதைப்பது என்பது என் கையில்தான் இருக்கிறது. என் கையில் உள்ளதை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுவேன். சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஆண்டவரே, இன்றைய வேலை முடிஞ்சுது. முடியாமல் கிடக்கிறதும் உமக்குத் தெரியும். இன்றைக்குக் கிடைத்த சோற்றுக்கும், விபத்தில்லாமல் வீடு வந்ததற்கும், முகம் கோணாமல் ஒரு வாய் தண்ணி தந்தவவுக்கும் நன்றி. இன்று நான் கண்டவர்களின் பெயரை உம்மிடம் சொல்லுறன். நான் விழித்துக்கிடந்து அவர்களுக்கு ஒன்றும் ஆகப்போறதில்லை. இந்த இரவு நீர் அவர்களைப் பாரும். என்னை ஏசினவரையும் நான் மனசுக்குள் ஏசினவரையும் ஆசீர்வதியும். நாளைக்கு என் வாயில் நல்ல சொல்லைத் தாரும். காலமை செய்ய வேண்டியதைக் காலமை நினைப்பூட்டும். ஆமென்."

இதைப் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டாம். கிணற்றடியில் குளித்துவிட்டு, சாப்பிட முன்னர் சொல்லுங்கள். படுக்கையில் தொடங்கினால் ஒன்றில் பாதியில் நித்திரை வரும், அல்லது நாள் முழுக்க நடந்தது புதிதாக எழும்பும். கைத்தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். நாளைக்குச் செய்ய வேண்டியது நினைவுக்கு வந்தால் துண்டில் எழுதிவிட்டுச் செபத்துக்குத் திரும்புங்கள், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சில நாள் நன்றி வாயில் வராது. அப்போது 13ஆம் சங்கீதத்தை எடுங்கள், எத்தனை நாளைக்கு என்னை மறந்திருப்பீர் என்றுதான் அது தொடங்குகிறது. முறைப்பாடு மரியாதைக்குறைவு என்று வன்னிச் சனம் நினைப்பதில்லை. மன்னார் மடுக் கோயிலில் இருக்கிற மாதாவின் சுருவமே 1670இல் ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையில் இருந்து காட்டுக்குள் கொண்டுவரப்பட்டது, 2008 ஏப்ரலில் போருக்குள் இன்னொரு முறை இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. இடம்பெயர்ந்த மாதாவுக்கு முன்னால் இடம்பெயர்ந்த சனம் அலங்காரமாகக் கதைக்குமா?

சம்பளம் ஒழுங்காகத் தராத, மரியாதை இல்லாத இடம் என்றால் செபத்தோடு தொழில் திணைக்களத்துக்கும் போக வேணும். நித்திரையின்மை கிழமைக் கணக்கில் இழுபட்டால் வைத்தியரைப் பாருங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். விசுவாசம் குறைந்துவிட்டது என்று ஆராவது சொன்னால் காதில் போட வேண்டாம்.

செபமாலையும் மடு மாதாவும் உங்கள் சபை வழக்கமில்லை, அதனால் ஒன்றும் குறையாது. செபத்தை மேலே உள்ளபடியே சொல்லிவிட்டு, 4ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தோடு முடியுங்கள்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று தொடங்குவது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாட்களில் இவ்வளவும் ஏலாது. அன்றைக்கு அந்த வசனம் மட்டும் காணும்.