மணி பிளான்ட்: பாட்டிலில் இருப்பதும் மரத்தில் ஏறியதும் ஒரே கொடிதான் (கேள்வி பதில்)

மணி பிளான்ட் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கல்லூரியில் பல வருடம் தாவரவியல் நடத்தியவன் என்பதால் சில இடங்களில் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், எங்கள் வீட்டில் பத்து வருடமாகப் பாட்டில் தண்ணீரில் மணி பிளான்ட் இருக்கிறது. இலை உள்ளங்கை அளவைத் தாண்டவே இல்லை. பக்கத்துத் தோப்பில் தென்னையில் ஏறியிருக்கும் கொடியில் இலை முறம் மாதிரி அகலமாக, ஓரமெல்லாம் கிழிந்து இருக்கிறது. அதுவும் மணி பிளான்ட்தான் என்கிறார்கள். நிஜமா?

பதில்: நிஜம்தான் அம்மா. உங்கள் பாட்டிலில் இருப்பது பத்து வருடமாக வளராமல் நிற்கும் பிள்ளை, தோப்பில் பார்த்தது வயதுக்கு வந்த கொடி. வீட்டில் இதன் இலை பெரும்பாலும் 20 செ.மீ.க்குள் நின்றுவிடும். மரத்தில் ஏறவிட்டால் கொடி 20 மீட்டர் உயரம் வரை போகும், தண்டு 4 செ.மீ. கனம் ஆகும், இலை 100 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் வரை வரும். இவ்வளவு மாற்றத்துக்கும் உரம் காரணமில்லை. ஒரு தண்டைப் பற்றிக்கொண்டு மேலே ஏறினால்தான் இந்தக் கொடி தன் இலையைப் பெரிதாக்கும். தொங்கவிட்டால் நேர் எதிராக, இலை சிறுத்துக்கொண்டே போகும், கணுவுக்குக் கணு இடைவெளி நீளும். பால்கனித் தொட்டியிலிருந்து தரைவரை தொங்கும் கொடியின் நுனியைப் பாருங்கள், வெற்றிலைக் கொழுந்து அளவுக்கு இலை வந்திருக்கும். பிடிக்க ஒரு மரம் தேடி அலையும் கொடி இலைக்குச் செலவு செய்யாமல் நீளத்துக்குச் செலவு செய்கிறது. என் வீட்டுப் பலா மரத்தடியில் தொட்டியில் கிடந்த ஒரு துண்டைத்தான் நட்டேன். நாலாவது வருடம், என் தலைக்கு மேலே இருந்த ஒரு இலையைக் காம்பு நீங்கலாக அளந்தேன், 58 செ.மீ. இருந்தது. நட்டபோது அதே கொடியின் இலை என் கைக்குள் அடங்கியது.

கேள்வி: நான் பி.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் சார். ஹெர்பேரியம் தாளில் (செடியை உலர்த்தி ஒட்டி வைக்கும் தாள்) இந்தச் செடியின் விவரம் எழுத வேண்டும். எதை எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நல்ல வேலை. ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அடியிலிருந்து பாரம்மா. தண்டு பச்சையாக, சதைப்பற்றாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் இலை விழுந்த இடத்தில் வளையம் போல ஒரு தழும்பு. கணுவில், இலைக்கு எதிர்ப் பக்கமாகப் பழுப்பு நிறத்தில் மொட்டு மாதிரி ஒன்று தடித்து நிற்கும், அதுதான் காற்று வேர். பட்டையில் படும்வரை அரை விரல்கடைகூட நீளாது, ஈரமான பட்டை கிடைத்ததும் கிளைத்து அப்பிக்கொள்ளும். இலைகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி வரும். காம்பின் மேல்பக்கம் வாய்க்கால் போல ஒரு பள்ளம் ஓடும், அதன் இரு ஓரத்திலும் மெல்லிய உறை ஒட்டியிருக்கும். புது இலை பாய் சுருட்டியது போல இந்தப் பள்ளத்திலிருந்துதான் வெளியே வரும். காம்பு இலையைத் தொடும் இடத்தில் மணிக்கட்டு மாதிரி ஒரு புடைப்பு உண்டு, வெளிச்சத்துக்கு ஏற்ப இலையைத் திருப்புவது அதுதான். இதைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், நீ எழுது. இளம் இலை இதய வடிவம், ஓரம் முழுசாக, பச்சையில் மஞ்சள் திட்டுகளோடு இருக்கும். முதிர்ந்த இலை நடுநரம்பை நோக்கி ஒழுங்கில்லாமல் பிளந்திருக்கும். இரண்டையும் ஒரே தாளில் ஒட்டு. ஒன்றை மட்டும் ஒட்டினால் பார்ப்பவர் வேறு செடி என்றே நினைப்பார்.

கேள்வி: அண்ணா, நர்சரியில் மணி பிளான்ட் என்று சொல்லி ஃபிலோடென்ட்ரான் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: புது இலை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், அது போதும். மணி பிளான்டில் பழைய காம்பின் பள்ளத்திலிருந்து வரும். இதய இலை ஃபிலோடென்ட்ரானில் தனியாக ஒரு மெல்லிய உறை கிளம்பும், அதைப் பிளந்துகொண்டு இலை வரும், பிறகு அந்த உறை காய்ந்து சருகாகும். தடவியும் பார்க்கலாம். மணி பிளான்ட் இலை தடிப்பாக, சற்று மேடு பள்ளமாக இருக்கும், ஃபிலோடென்ட்ரான் இலை மெல்லிசு.

கேள்வி: இதன் சொந்த ஊர் எது? ஒரு இடத்தில் சாலமன் தீவுகள் என்கிறார்கள், ஒரு இடத்தில் சீனா என்கிறார்கள். பெயரும் பொத்தோஸ், சிண்டாப்சஸ், எபிப்ரெம்னம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினேசியாவில், சொசைட்டி தீவுகளில் ஒன்றான மொரேயா. சின்னத் தீவு. அங்கிருந்து வந்த ஒரு கொடிதான் இன்று நம் ஊரில் ஏறக்குறைய தெருவுக்குத் தெரு இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. சாலமன் தீவுகள் என்பது பழைய தவறு, அது பெயர்ப் பலகைகளில் அப்படியே தங்கிவிட்டது.

பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் பூ. இந்தக் குடும்பத்துச் செடிகளைப் பேரினம் (ஜீனஸ்) பிரிக்கப் பூவும் விதையும் வேண்டும், இதுவோ பூப்பதே மிக அரிது. 1880-இல் இலையை மட்டும் பார்த்து பொத்தோஸ் ஆரியஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு சிண்டாப்சஸில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1962-இல் ஒரு கொடி பூத்ததும், பூவைப் பார்த்து ராஃபிடோஃபோரா என்றார்கள். 1964-இல் பன்டிங் என்ற தாவரவியலாளர் எபிப்ரெம்னம் ஆரியம் என்று மாற்றினார், இன்று அதுதான் செல்லும். எபிப்ரெம்னம் என்றால் கிரேக்கத்தில் மரத்தண்டின் மேல் இருப்பது, ஆரியம் என்றால் லத்தீனில் பொன்னிறம். பொத்தோஸ் என்ற சொல் சிங்களத்தில் ‘பொத்த’ என்ற கொடிப் பெயரிலிருந்து வந்தது. உண்மையான பொத்தோஸ் கொடி இலங்கையிலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பாறையிலும் மரத்திலும் ஒட்டி ஏறும். அதன் காம்பு தட்டையாக, இன்னொரு இலை மாதிரியே இருக்கும், நார்த்தை இலையை நீட்டிவிட்டது போல. ஒருமுறை பார்த்தால் மறக்காது.

கேள்வி: ஏன் பூக்காது? என் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது, ஒரு மொட்டுகூடப் பார்த்ததில்லை.

பதில்: நானும் நேரில் பார்த்ததில்லை. தானாகப் பூத்ததாக அறியப்பட்ட கடைசி ஆண்டு 1964. ஏன் என்பது 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தலைமையில் வெளியான கட்டுரையில் தெளிவானது. பூக்கத் தூண்டும் ஜிப்ரெலின் என்ற ஹார்மோனை இந்தக் கொடியால் போதுமான அளவு தயாரிக்க முடிவதில்லை, அதைச் செய்து முடிக்க வேண்டிய ஒரு மரபணு சரியாக வேலை செய்யவில்லை. வெளியிலிருந்து ஜிப்ரெலின் தெளித்ததும் பூத்தது. பூ என்றால் நாம் நினைக்கும் இதழ் பூ இல்லை. தென்னம்பாளை போல ஒரு பாளை, அதற்குள் தடித்த கதிர், கதிர் முழுக்க நெருக்கி ஒட்டிய பொடிப் பூக்கள். சேனைப்பூ, ஆந்தூரியம் பார்த்திருப்பீர்களே, அதே குடும்பம், அதே அமைப்பு. விதை இல்லாததால் நம் வீடுகளில் இருப்பதெல்லாம் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டு வெட்டி வந்தவைதான்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை இலையைக் கடித்துவிட்டாள். வாய் எரிந்து ஒரே அழுகை. விஷமா?

பதில்: இப்போது நன்றாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள், நிம்மதி. சேனை சரியாக வேகாவிட்டால் தொண்டை காறுமே, அதே காறல்தான் இது. இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாக இருக்கும், கடித்ததும் நாக்கிலும் கன்னத்திலும் குத்தும். சேனை, கருணை, சேப்பங்கிழங்கு எல்லாம் மணி பிளான்டுக்குச் சொந்தக்காரர்கள். வாயில் இருக்கும் துண்டை எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்து, குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வரும்போதும் குத்தும். உதடோ நாக்கோ வீங்கினால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்பட்டால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் பாட்டிலை எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள். நாய், பூனைக்கும் இதே கதைதான்.

கேள்வி: வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நாசா சொன்னதாமே? அதற்காகவே பத்துத் தொட்டி வாங்கினேன்.

பதில்: நாசாவின் 1989 சோதனை மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்தது. நம் வீடு பெட்டி இல்லை, கதவு திறக்கிறோம், ஜன்னல் திறக்கிறோம். 2019-இல் இப்படிப்பட்ட சோதனைகளை எல்லாம் மொத்தமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், ஒரு கட்டடத்தில் சாதாரணமாக நடக்கும் காற்றோட்டத்துக்குச் சமமாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடி வரை தேவைப்படும் என்றார்கள். செடிகளை அன்பாக வளருங்கள், காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: திருடி வந்து வைத்தால்தான் மணி பிளான்ட் தழைக்கும் என்கிறாள் என் அத்தை. வாங்கி வைத்தது வரவில்லை, உண்மையாகவே வரவில்லை!

பதில்: கணு இருந்ததா என்று பாருங்கள். இலையும் காம்பும் மட்டும் கிள்ளி வைத்தால் தண்ணீரில் வேர்கூட விடலாம், ஆனால் அதற்கு மேல் கொடி வராது, மொட்டு கணுவில்தான் இருக்கிறது. கணுவுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு வெட்டி, கணு தண்ணீருக்குள் இருக்கும்படி வையுங்கள். கேட்டு வாங்கி வந்த துண்டும் தழைக்கும்.

கேள்வி: மரம் இருக்கும் திசை கொடிக்கு எப்படித் தெரியும்? கண்ணா இருக்கிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1975-இல் ஸ்ட்ராங், ரே என்ற இருவர் கோஸ்டா ரிக்கா காட்டில் இதன் உறவுக்கொடியான ஒரு மான்ஸ்டெராவைக் கவனித்தார்கள். தரையில் முளைத்த நாற்று வெளிச்சத்தை நோக்கிப் போகவில்லை, அடிவானத்தில் எங்கே மிக இருட்டாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஊர்ந்தது. மழைக்காட்டுத் தரையில் இருட்டாகத் தெரிவது பெரிய மரத்தின் தண்டு. அதைத் தொட்டு ஏறத் தொடங்கிய பிறகுதான் வெளிச்சத்தைத் தேடுகிறது. செடி என்றால் வெளிச்சத்தை நோக்கி வளரும் என்றே பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு, இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

கேள்வி: கிழிந்த இலைக்கு ஏதாவது பயன் உண்டா, இல்லை காற்றில் கிழிகிறதா?

பதில்: வாழை இலை மாதிரி காற்றில் கிழிவது இல்லை. மான்ஸ்டெராவில், இலை சுருளாக இருக்கும்போதே குறிப்பிட்ட இடத்துச் செல்கள் தாமாகவே இறந்து ஓட்டை விழுகிறது. பயனைப் பற்றி 2013-இல் வந்த ஒரு விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. காட்டின் அடியில் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். அதே அளவு திசுவை ஓட்டையோடு அகலமாகப் பரப்பி வைத்தால் ஏதாவது ஒரு பொட்டு எப்போதும் இலையில் படும், வரவு ஒரே சீராக இருக்கும்.

கேள்வி: கண்டியில் இருந்து எழுதுகிறேன் ஐயா. எங்கள் உடவத்தகலைக் காட்டில் இது படர்ந்து கிடக்கிறது. அழகாகத்தானே இருக்கிறது, ஏன் பிடுங்க வேண்டும் என்கிறார்கள்?

பதில்: அந்தக் காட்டுக்கு நான் வந்திருக்கிறேன். பல ஹெக்டேர் பரப்பில் தரையே தெரியாமல் மூடியிருக்கிறது, மரங்களில் முறம் முறமாக இலை. அழகுதான். ஆனால் குனிந்து இலைகளை விலக்கிப் பார்த்தேன், ஒரு மரக்கன்றுகூட இல்லை. இங்கே இதைத் தின்று கட்டுப்படுத்தப் பூச்சி இல்லை, விதை இல்லாமலேயே கணுக் கணுவாகப் பெருகுகிறது. அதனால்தான் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன், தொட்டியில் வெட்டிக் கழித்த கொடியை ஓடைக்கரையிலோ காட்டோரத்திலோ கொட்டாதீர்கள். மொட்டை மாடியில் சிமென்ட் தரை மேல் போட்டு, தண்டு கையில் ஒடிகிற அளவுக்கு வெயிலில் காயவிட்டு, அப்புறம் குப்பையில் சேருங்கள். தண்டில் ஈரம் இருக்கும்வரை கணுவில் உயிர் இருக்கும்.