அக்டோபர் புரட்சிய நவம்பர் சார்ட்ல போடலாமா?

1917 நவம்பர் சார்ட்ல ரஷ்யப் புரட்சிய எந்தத் தேதில போடுறது, ஒரு புக்ல அக்டோபர் 25, இன்னொண்ணுல நவம்பர் 7னு இருக்குன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டும் சரிதாங்க, ரெண்டும் ஒரே நாள். ரஷ்யாவுல அப்போ பழைய ஜூலியன் காலண்டர்தான், நம்ம காலண்டரை விட 13 நாள் பின்னாடி ஓடிட்டிருந்துச்சு, அதான் பேர்ல மட்டும் அக்டோபர் ஒட்டிக்கிச்சு. நீங்க நவம்பர் 7ன்னே போடுங்க, கீழ சின்னதா பழைய தேதியையும் எழுதிடுங்க, பாக்குற பிள்ளைங்க குழம்பாது. அப்போதைய இடைக்கால அரசு இருந்த குளிர்கால அரண்மனை பிடிபட்டது மட்டும் ராத்திரி 2 மணி வாக்குல, அதாவது 8ஆம் தேதி ஆயிடுச்சு.

பிறந்தநாளுக்கும் கண்ணை மூடிட்டு 13 கூட்டிடாதீங்க, நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான். 1800கள்ல வித்தியாசம் 12 நாள்தான், புரட்சிக்குத் தலைமை தாங்குன லெனின் பிறந்தது பழைய கணக்குல 1870 ஏப்ரல் 10, இப்போ ஏப்ரல் 22.

1918ல ரஷ்யா நம்ம காலண்டருக்கு மாறுனப்போ ஜனவரி 31க்கு அடுத்த நாள் நேரா பிப்ரவரி 14, நடுவுல தேதியே இல்ல! பிப்ரவரி சார்ட் போட்டா இத கண்டிப்பா சேருங்க.

மத்தபடி பால்ஃபர் பிரகடனம் (பாலஸ்தீனத்துல யூதர்களுக்குத் தாயகம் அமைய பிரிட்டன் ஆதரவு சொன்ன அறிக்கை) நவம்பர் 2, இந்திரா காந்தி பிறந்தது 19, அலகாபாத்ல. இதுல எல்லாம் காலண்டர் பிரச்சனையே இல்ல, அப்படியே எழுதிக்கலாம்.